பன்னிரண்டு வயதில் ஓடும் வேகம் எதைச் சொல்கிறது?

ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் குறுவட்டப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் முதலாவதாக வந்திருக்கிறாள். வருவாய் மாவட்டப் போட்டியில் 100 மீட்டரில் 14.1 வினாடியில் ஓடி மூன்றாம் இடம் பிடித்திருக்கிறாள். அங்கே அவளைப் பார்த்த தனியார் அகாடமிப் பயிற்சியாளர் ஒருவர், இப்போதே முழுநேரமாகச் சேர்த்தால் தேசிய அளவுக்குக் கொண்டுபோகலாம், இரண்டு வருடம் கழித்து வந்தால் பயனில்லை என்று சொல்லியிருக்கிறார். எச்சில் மாதிரியை அனுப்பி மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார்; பள்ளியில் அவள் ஆடும் கோ-கோவை நிறுத்தவும் சொல்கிறார். சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: 12 வயதில் ஒரு குழந்தை வேகமாக ஓடினால் அது திறமைக்கு அடையாளமா, அதை இப்போதே கண்டுபிடித்துச் சொல்ல யாராலாவது முடியுமா? அதற்குப் பதில் தெரிந்தால் அகாடமி பற்றிய முடிவை நீங்களே எடுத்துவிடலாம் என்பதால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாட்டியாலாவில் தடகளப் பயிற்சியாளருக்கான பட்டயம் பெற்று, 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாண்டுதலும் கற்றுக்கொடுத்து வருகிறேன். எனவே தடகளத்தைப் பற்றி மட்டுமே உறுதியாகப் பேசுவேன். ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற, மிக இளம் வயதிலேயே தொடங்க வேண்டிய விளையாட்டுகளுக்கு நான் சொல்வதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். 11 முதல் 14 வயது வரை மைதானத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் பெரும்பங்கு உடலின் வளர்ச்சி வயதைச் சார்ந்தது. பெண் குழந்தைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண் குழந்தைகளுக்கு 14 வயதை ஒட்டியும் வரும். அந்த ஓராண்டில் 8 அல்லது 9 சென்டிமீட்டர் உயர்வது சாதாரணம். ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அந்த வேகமான வளர்ச்சி 10 வயதிலேயே வந்து முடிந்திருக்கும், இன்னொருத்திக்கு 13 வயதில்தான் தொடங்கும். இருவரும் 14.1 வினாடியில் ஓடினால் கடிகாரத்துக்கு அந்த இரண்டு ஓட்டமும் ஒன்றுதான், பயிற்சியாளருக்கு அப்படி இருக்கக் கூடாது. முதலாமவள் ஏறத்தாழ முழு வளர்ச்சி பெற்ற காலோடு ஓடியிருக்கிறாள். இரண்டாமவள் இனிமேல்தான் அந்தக் காலைப் பெறப்போகிறாள். உங்கள் மகள் பூப்படைந்துவிட்டாளா என்பதை நீங்கள் எழுதவில்லை, இங்கே எழுதவும் வேண்டாம். ஆனால் வீட்டில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக, உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு வருடத்தில் முதல் மாதவிடாய் வரும், அதற்குப் பின் பெரும்பாலான பெண்கள் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் உயர்கிறார்கள்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதிய பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். பயிற்சியாளராகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம், ஒரு தேர்வு முகாமில் 13 வயதுப் பையன்களுக்கு 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், தலைக்கு மேலாக மெடிசின் பந்து என்ற கனமான பந்தை எறிதல் என்று வைத்து, மதிப்பெண் கூட்டி, மேலே இருந்த எட்டுப் பேரின் பெயரை வாசித்தேன். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மீசை அரும்பியிருந்தது. அன்று எனக்கு அது உறுத்தவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மாவட்டப் போட்டியில், நான் வளர்த்த பையனை 400 மீட்டரின் கடைசி 80 மீட்டரில் ஒருவன் எளிதாகத் தாண்டிப்போனான். ஒல்லியான, நீளக் காலுள்ள பையன். ஓட்டம் முடிந்ததும் அவனே என்னிடம் வந்தான். “சார், நான் உங்க கேம்ப்புக்கு வந்திருந்தேன். நீங்க என் பேர வாசிக்கல” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னான். என் பழைய நோட்டைத் தேடிப் பார்த்தபோது அவன் பெயர் இருந்தது: உயரம் 141 சென்டிமீட்டர், வரிசையில் பத்தொன்பதாவது இடம். அவன் கல்லூரி அணியில் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். 13 வயதிலிருந்தே முறையான பயிற்சி கிடைத்திருந்தால் எதுவரை போயிருப்பான் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்று முதல் என் மைதானத்தில் மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் உயரப் பட்டியலும் தொங்குகிறது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் சுவரோரம் நிறுத்தி அளந்து எழுதுகிறோம்.

பிறந்த மாதமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதைக் கண்டார்கள். காரணம் எளிது: வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்கினால், ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கு டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறத்தாழ ஒரு வருட வளர்ச்சி கூடுதலாக இருக்கும். அவன் தேர்வாகிறான், தேர்வானதால் நல்ல பயிற்சியும் நல்ல ஆட்டங்களும் கிடைக்கின்றன, அவற்றால் மேலும் தேர்வாகிறான். அதன்பின் கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் இதையே கண்டிருக்கிறார்கள். நம் பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்ற பிரிவுகள் இரண்டு மூன்று வயதை ஒன்றாகக் கட்டிவிடுவதால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஆகவே மாவட்டப் போட்டியில் உங்கள் மகளுக்கு முன்னால் வந்த இருவர் எந்த வகுப்பு என்று விசாரித்துப் பாருங்கள். அவர்கள் ஒன்பதாம் வகுப்பாக இருந்தால், உங்கள் மகளின் மூன்றாம் இடத்துக்கு நீங்கள் நினைத்ததைவிட மதிப்பு அதிகம்.

சிறு வயதில் முன்னணியில் இருப்பவர்களே பெரியவர்களானதும் முன்னணியில் இருக்கிறார்களா என்பதையும் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஆர்னே குலிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும், 6,000-க்கும் மேற்பட்ட வீரர்களைப் பற்றிய பல ஆய்வுகளின் தரவைத் தொகுத்துச் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டார்கள். இளையோர் பிரிவில் உச்சத்துக்குப் போனவர்கள், தம் விளையாட்டைச் சீக்கிரம் தொடங்கி, அதை மட்டுமே அதிகம் பயின்று, வேகமாக முன்னேறியவர்கள். வயதுவந்தோர் பிரிவில் உலகத் தரத்தை எட்டியவர்களின் கதை நேர்மாறானது: தேசிய அளவோடு நின்றுபோனவர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் சிறு வயதில் வேறு விளையாட்டுகளை அதிகம் ஆடியிருக்கிறார்கள், தம் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருக்கிறார்கள், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் முன்னேறியிருக்கிறார்கள். 14 வயதுக்குட்பட்டோர் பதக்கத்துக்கு உதவும் வழியும் 24 வயதில் வேகமாக ஓட உதவும் வழியும் வெவ்வேறு திசையில் போகின்றன என்பதே இதன் பொருள். உசைன் போல்ட் 15 வயதிலேயே, 2002-இல் கிங்ஸ்டனில், 200 மீட்டரில் உலக ஜூனியர் சாம்பியன் ஆனார் என்று உங்களுக்குச் சொல்வார்கள். உண்மைதான், அப்படியும் நடக்கும். ஆனால் பானிபட்டில் உடல் எடையைக் குறைக்க மைதானத்துக்கு அனுப்பப்பட்ட சிறுவன்தான் டோக்கியோவில் 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற நீரஜ் சோப்ரா. உயரம் தாண்டுதலில் 2.29 மீட்டர் தாண்டிய தேஜஸ்வின் சங்கர் பள்ளியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவர். தனித்தனிக் கதைகள் எதையும் நிரூபிக்காது, என் பக்கத்துக் கதைகளும் அப்படித்தான். அதனால்தான் தொகுப்பு ஆய்வை முதலில் சொன்னேன்.

திறமையைத் தேடும் இந்த வேலையை நாடுகள் செய்த விதத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். கிழக்கு ஜெர்மனி 1970-களில் பள்ளிப் பிள்ளைகளை நாடு முழுவதும் அளந்து, சலித்து, விளையாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. பதக்கங்கள் குவிந்தன. ஆனால் 1974 முதல் அரசின் திட்டமாகவே ஊக்கமருந்தும் கொடுக்கப்பட்டது, வைட்டமின் என்று சொல்லிச் சிறுமியருக்கு ஹார்மோன் மாத்திரை தரப்பட்டது என்பதெல்லாம் பின்னர் ஆவணங்களோடு வெளிவந்தது. எனவே அங்கே தேர்வு முறை எவ்வளவு வேலை செய்தது, மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பிரிட்டன் 2007-இல் உயரமான இளைஞர்களை, அவர்கள் எந்த விளையாட்டிலிருந்து வந்தாலும் சரி என்று அழைத்துப் பரிசோதித்தது. அப்படி வந்து, 20 வயதுக்கு மேல் துடுப்புப் படகில் முதன்முறையாக உட்கார்ந்த ஹெலன் குளோவர் 2012-இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். வளர்ச்சி முடிந்த உடலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் அந்தத் திட்டத்தின் பலம் என்று நான் நினைக்கிறேன். நார்வே வேறு வழியில் போனது: அங்கே குழந்தைகளுக்கான விளையாட்டு விதிகளின்படி 11 வயது வரை தரவரிசைப் பட்டியலே கிடையாது, 13 வயது வரை தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. அந்தச் சிறிய நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. பனியும் பணமும் உள்ள நாடு என்பதை மறக்கவில்லை. ஆனால் தரவரிசையைத் தள்ளிவைத்ததால் அவர்கள் தோற்றுப்போகவில்லை என்ற அளவுக்கு இது சான்று.

அப்படியானால் 12 வயதில் எதையுமே பார்க்க முடியாதா? பார்க்கலாம். ஒரு நாள் ஓட்டத்தைப் பார்ப்பதைவிட, பயிற்சிக்கு உடல் என்ன பதில் சொல்கிறது என்று ஓராண்டு பார்ப்பது பயனுள்ளது. ஒரே பயிற்சியை ஒரே அளவில் கொடுத்தாலும் மனிதர்கள் ஒரே அளவில் முன்னேறுவதில்லை. குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சேர்த்து 20 வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்த ஹெரிடேஜ் என்ற புகழ்பெற்ற ஆய்வில், சிலருடைய உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் வெகுவாகக் கூடியது, சிலருக்கு அசையவே இல்லை. ஆகவே நான் புதிதாக வரும் பிள்ளைகளை யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. வாரம் மூன்று நாள் வரச்சொல்லி, ஆறு மாதம் கழித்து, அதே டிராக்கில், காற்று குறைவான காலை நேரத்தில் மறுபடி அளக்கிறேன். உயரம் கூடாத காலத்திலும் வேகம் கூடியிருந்தால் அந்தப் பெயருக்குக் கீழே கோடு போடுகிறேன். ஓடும்போது பாதம் தரையில் எவ்வளவு குறைந்த நேரம் தங்குகிறது, குதிகால் தொடையை நோக்கித் தானாக மடங்கி வருகிறதா, திருத்தம் ஒன்றைச் சொன்னால் அடுத்த வாரம் அது நினைவிருக்கிறதா என்று பார்க்கிறேன். தோற்ற மறுநாள் மைதானத்துக்கு வருகிறாளா என்பதையும் பார்க்கிறேன். இவை என் அனுபவத்தில் உதவிய அடையாளங்கள், இவற்றை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று: 14.1 என்ற நேரம் கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்சில் எடுத்ததா, மின்னணுக் கருவியில் எடுத்ததா என்று கேளுங்கள். கையால் எடுக்கும் நேரம் 100 மீட்டரில் சுமார் 0.24 வினாடி குறைவாகக் காட்டும் என்பது ஏற்கப்பட்ட கணக்கு. அந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு போட்டிகளின் நேரத்தை ஒப்பிட்டு மகிழ்ந்தவர்களும் அழுதவர்களும் உண்டு.

மரபணுச் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். இந்தச் சோதனைகள் பெரிதாகக் காட்டும் ஏசிடிஎன்3 என்ற மரபணு தசையின் வேகத்தோடு தொடர்புடையது என்பது உண்மை. ஆனால் அதன் வேலை செய்யும் வடிவம் உலகில் பெரும்பாலானவர்களிடம் இருக்கிறது, ஓட்ட வேகத்தின் வேறுபாட்டில் அதன் பங்கு மிகச் சிறியது. பிள்ளைகளின் விளையாட்டுத் திறமையைக் கண்டறிய இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2015-இல் இத்துறை வல்லுநர்கள் கூட்டாக அறிவித்தார்கள். அந்த நிலைப்பாட்டை மாற்றும் அளவுக்கு எதுவும் வந்துவிடவில்லை.

ஐயத்துக்கு இடமுள்ளவற்றையும் சொல்ல வேண்டும். குலிச் தொகுத்த ஆய்வுகளில் வந்த வீரர்கள் பல விளையாட்டு ஆடியதால்தான் உலகத் தரத்தை எட்டினார்களா, அல்லது எதைத் தொட்டாலும் வரும் பிள்ளைகளால்தான் பல விளையாட்டு ஆட முடிந்ததா என்று அந்த ஆய்வுகளால் முழுமையாகப் பிரிக்க முடியவில்லை. தரவின் பெரும்பகுதி, வீட்டருகே நீச்சல்குளமும் டென்னிஸ் கோர்ட்டும் இருக்கும் நாடுகளிலிருந்து வந்தது. ஒரே ஒரு உடற்கல்வி ஆசிரியரும் ஒரு மண் மைதானமும் உள்ள நம் பள்ளிக்கு அதை எவ்வளவு பொருத்தலாம் என்பது திறந்த கேள்வி. மன உறுதியை வினாத்தாள் வைத்து அளந்துவிடலாம் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

வளர்த்தெடுப்பது பற்றி, குறிப்பாகப் பெண் பிள்ளை என்பதால், விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பூப்புக்குப் பிந்தைய ஒன்றிரண்டு ஆண்டுகளில் இடுப்பு அகலும், உடல் எடை கூடும், பழைய ஓட்ட நடை கலையும். ஓட்ட நேரத்தில் முன்னேற்றம் நின்றுபோகும், சில வேளைகளில் பின்னுக்குக்கூடப் போகும். இது வளர்ச்சி, சரிவு அல்ல. ஆனால் இந்தக் கட்டத்தில்தான் “இவ முடிஞ்சா” என்று மைதானத்தில் சொல்லிவிடுகிறார்கள், வீட்டில் “போதும், படிக்கட்டும்” என்கிறார்கள், நல்ல ஓட்டக்காரிகளை நாம் இழந்துவிடுகிறோம். எனக்கு இதைவிட வலிக்கும் விஷயம் இந்தத் தொழிலில் இல்லை. பொறுமையாக வலுவூட்டும் பயிற்சியும், ஓட்ட நடையைத் திரும்பக் கற்பிப்பதும், எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் குத்திச் சொல்லாதிருப்பதும்தான் அப்போது தேவை. சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கச் சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வந்துகொண்டிருந்த மாதவிடாய் நின்றுபோவது கடும் பயிற்சியின் வெற்றி அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது உடலுக்குத் தேவையான உணவு போதவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். காரணம் தெரியாமல் வேகம் குறைந்துபோன என் பிள்ளைகள் பலருக்கு இரத்தசோகைதான் காரணமாக இருந்தது. உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலோ குதிகாலிலோ வலி வந்தால், ஐஸ் வைத்து ஓட வைக்காமல் தாவலையும் வேக ஓட்டத்தையும் குறைக்க வேண்டும். வாரத்துக்குப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று ஓர் எளிய கணக்கு உண்டு. அதைத் தாண்டும் பிள்ளைகளுக்குக் கடுமையான காயங்கள் அதிகம் என்று அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. உங்கள் மகளுக்கு 12 மணிநேரம் உச்ச வரம்பு. என்னைக் கேட்டால் இப்போதைக்கு அதில் பாதி போதும்.

“இரண்டு வருடம் கழித்தால் பயனில்லை” என்ற பேச்சுக்கு மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியே பதில். பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்து பாட்டியின் உழைப்பில் வளர்ந்தவர். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது வெறுங்காலில் ஓடிய ஒரு ஓட்டத்தில்தான் பயிற்சியாளர் கண்ணனின் கண்ணில் பட்டார். பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கி அவர் பயிற்சியைத் தொடங்கினார். 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ரேவதி, ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஓடும் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். வேக ஓட்டக்காரர்கள் தம் சிறந்த நேரத்தை ஓடுவது பெரும்பாலும் இருபதுகளின் நடுவில். 12 வயதுப் பிள்ளைக்கு இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அவசரம் அகாடமிக்குத்தான். 14 வயதுப் பிரிவுப் பதக்கங்கள் அதன் விளம்பரப் பலகைக்கு வேண்டும். அந்த அவசரம்தான் பல இடங்களில் பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது வரைக்கும், 15 வயதில் ஊக்கமருந்து ஊசி போடுவது வரைக்கும் போகிறது.

ஆனாலும் விடுதி வேண்டாம், அகாடமி வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். மூன்று வேளை நல்ல சாப்பாடு விளையாட்டு விடுதியில்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அரசு விளையாட்டு விடுதி பெரிய வரம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வீடு அப்படியில்லை. பள்ளிக்குப் பக்கத்திலேயே மைதானம் இருக்கிறது, ஆர்வமுள்ள உடற்கல்வி ஆசிரியரும் இருக்கிறார். எனவே இப்போதைக்கு வீட்டிலிருந்தே வாரம் மூன்று அல்லது நான்கு நாள் பயிற்சி, ஓட்டத்தோடு நீளம் தாண்டுதலும் தடை தாண்டுதலும், ஒன்பது மணிநேரத் தூக்கம், சுவரில் மூன்று மாதத்துக்கொரு உயரக்கோடு என்று போகட்டும். 14, 15 வயதில், வளர்ச்சி ஓரளவு நிலைத்த பிறகு, மறுபடி யோசியுங்கள். அப்போது எந்த அகாடமிக்குப் போனாலும் ஒரே ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: ஐந்து வருடங்களுக்கு முன் இங்கே சேர்ந்த 12 வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் ஓடுகிறார்கள்? முன்னாள் மாணவியர் இருவரின் பெற்றோரிடம் பேச அனுமதிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கோ-கோவை நிறுத்த வேண்டாம். கட்டத்தில் குந்தி உட்கார்ந்திருந்து, முதுகில் கை பட்டதும் முன்னங்காலை ஊன்றிப் பாயும் அந்த முதல் மூன்று அடி, ஸ்டார்ட்டிங் பிளாக்கில் நான் மாதக்கணக்கில் கற்பிக்க முயலும் அதே மூன்று அடிதான். கம்பத்தைப் பிடித்துத் திரும்புவதில் கணுக்காலும் இடுப்பும் பெறும் வலுவை எந்த டிரில்லாலும் அவ்வளவு எளிதில் கொடுக்க முடியாது. அதோடு, எட்டுத் தோழிகளோடு ஆடும் அந்த ஒரு மணிநேரத்துக்காகத்தான் அவள் தினமும் மைதானத்துக்கு வருகிறாளோ என்னவோ. அவளிடமே கேட்டுப் பாருங்கள்.